மலை இறங்கும் பொறியியலாளர்கள்

இலங்கை மலையகத்தின் நோர்வூட்டுக்குப் பொறியியல் புதிதல்ல. பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் கெஹெல்கமு ஓயா நோர்வூட்டைக் கடந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் புகுந்து, விமலசுரேந்திர மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, நோர்ட்டன் பிரிட்ஜில் மறுபடியும் தேங்குகிறது. அதே தண்ணீரை இன்னும் கீழே கொண்டுபோய் லக்சபானவில் இன்னொரு முறை மின்சாரம் எடுக்கிறார்கள். இந்த ஆற்றிடம் வேலை வாங்கலாம் என்ற யோசனைக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். இந்த மலைகளின் நீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். வெள்ளைக்கார நிருவாகம் இழுத்தடித்தது. 1950இல்தான் லக்சபான இயங்கத் தொடங்கியது. மூன்று வருடத்தில் அவர் காலமானார்.

லக்சபானவிலிருந்து புறப்பட்ட உயரழுத்தக் கம்பிகள் கொழும்பை ஒட்டிய கொலன்னாவையில் போய் இறங்கின. தலைநகரம் வெளிச்சம் கண்டது. நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் குப்பி விளக்குத்தான் எரிந்தது. அந்த லயத்து அறைகளான காம்பராக்களுக்கு மின்சாரம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இன்று அதே லயங்களில் பிறந்து, பொறியியல் படித்துத் தேறிய பிள்ளைகள், வேலை தேடி அந்தக் கம்பிகள் போன திசையிலேயே இறங்கிப் போகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். மலையில் விளைவது கொழுந்தோ மின்சாரமோ மனித மூளையோ, எதுவானாலும் அதைக் கீழே கொண்டுபோய்த்தான் பயன்படுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டில் இந்தப் பிரதேசம் கட்டப்பட்டிருக்கிறது.

பக்கத்து ஹட்டனில் பொறியியல் தொழில் நடந்த காலமும் உண்டு. இன்று இலங்கை முழுவதும் பெயர் தெரிந்த பிரவுன் கம்பனி 1875இல் ஹட்டனில்தான் தொடங்கப்பட்டது. தோட்டங்களுக்கு வேண்டிய இயந்திர வேலைகள்தான் அதன் ஆரம்பம். பிறகு கொழும்புக்குப் போய்ப் பெரிய நிறுவனமானது. மலையை விட்டு முதலில் இறங்கியது கம்பனி. ஆட்கள் இறங்கியது பிறகுதான்.

ஆனால் இயந்திரங்கள் போகவில்லை. தோட்டத்துத் தொழிற்சாலைக்குள் ஒருமுறையாவது போனவர்களுக்கு அந்தச் சூடும் வாசமும் மறக்காது. மேல்மாடியில் கொழுந்து வாடும் நீண்ட தட்டுகள், கீழே அரைத்து உருட்டும் ரோலர்கள், அப்பால் உலர்த்தும் அடுப்பு. பெல்ஃபாஸ்ட் நகரில் டேவிட்சன் என்பவர் தொடங்கிய கம்பனியின் சிறாக்கோ உலர்த்திகள் இலங்கைத் தேயிலையோடு சேர்ந்தே வளர்ந்தவை. இந்த இயந்திரங்களோடு இரவும் பகலும் கிடந்தவர்கள் லயத்து மனிதர்கள். பெல்ட் தளர்ந்தால் என்ன சத்தம் வரும், பேரிங் தேய்ந்தால் என்ன சத்தம் வரும் என்று காம்பராவில் படுத்துக்கொண்டே சொல்லக்கூடிய தாத்தாமார் இருந்தார்கள். "ரெண்டாம் நம்பர் ரோலர் அழுவுது, நாளைக்கு நிக்கும்" என்பார்கள், மறுநாள் நிற்கும். செக்ரோல் என்ற தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் அவர்கள் பேருக்கு நேரே தொழிலாளி என்றுதான் இருந்தது. டீமேக்கர் உத்தியோகம் வேறு குடும்பங்களுக்கு உரியது. அந்த உத்தியோகத்தரின் குவாட்டர்ஸுக்கும் லயத்துக்கும் நடுவே நூறு யார் தூரம் இருந்திருக்கலாம். அதைக் கடக்க மூன்று நான்கு தலைமுறை ஆனது.

அதற்கான காரணத்தைச் சட்டப் புத்தகத்திலேயே பார்க்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. லக்சபான திறக்கப்பட்டபோது அதைச் சுற்றி வாழ்ந்தவர்களில் அநேகர் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் அல்லர். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். பாக்கியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்துக் கணக்கை முடிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. அரசாங்க வேலைக்கு மனுப் போட முடியாதவர் வீட்டுப் பிள்ளைக்கு இணைந்த கணிதம் எதற்கு? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் கையேற்றதே எழுபதுகளில்தான். அதுவரை கொழுந்துக் கணக்குப் பார்க்கவும் கையெழுத்துப் போடவும் தெரிந்தால் போதும் என்றிருந்த கல்வி அது. எனவே இன்று நோர்வூட்டிலிருந்து ஒரு பிள்ளை பொறியியல் பீடத்துக்குப் போகிறதென்றால், மற்ற சமூகங்கள் நூறு வருடத்தில் நடந்த தூரத்தை அந்தக் குடும்பம் ஒரே தலைமுறையில் ஓடிக் கடந்திருக்கிறது.

ஓட்டம் என்று சொல்வது அந்தக் காலை வேளைக்கும் பொருந்தும். சாதாரண தரம் தாண்டிக் கணிதப் பிரிவு எடுக்கும் பிள்ளை பெரும்பாலும் ஹட்டனுக்குத்தான் போக வேண்டும். தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நடை, பிறகு பஸ். மாலையில் டியூஷன் இருந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விட்டால் திரும்பவும் நடை. அட்டை, மழை, பனி. பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடைத்த வருடத்தில் இரசாயனவியலுக்கு இருக்க மாட்டார். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத் தமிழ் மாணவர்கள் உயர்தர மாணவர்களுக்காக வருடந்தோறும் நடத்தும் முன்னோடிப் பரீட்சையை இந்த இடத்தில் நன்றியோடு சொல்ல வேண்டும். அந்த வினாத்தாள் கையில் கிடைக்கும்போதுதான் மலையகத்துப் பிள்ளை, வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் தன் வயதுக்காரர்கள் எந்த மட்டத்தில் நிற்கிறார்கள் என்று முதன்முதலாகப் பார்க்கிறது. சிலருக்கு அது பயம். சிலருக்கு அந்தப் பயமே பிடிவாதமாக மாறிவிடுகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் தீவு முழுவதற்குமான திறமை வரிசைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா மாவட்டத்துக்கு இதில் சலுகை உண்டு என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். மாவட்டம் என்பது பட்டணத்துப் பெரிய பாடசாலைகளையும் சேர்த்துத்தான் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் பேராதனை, மொரட்டுவை, காலிக்குப் பக்கத்து ஹப்புகல, கிளிநொச்சி அறிவியல் நகர் என்று பிரிந்து போகிறார்கள். ஒரு புள்ளி இரண்டு புள்ளியில் தவறியவர்கள்தான் அதிகம். அவர்கள் டிப்ளோமா, கணிய அளவையியல் என்ற கியூ.எஸ்., ஏ.சி. மெக்கானிக், வெல்டிங் என்று கொழும்பின் ஏதாவது ஒரு நிறுவனத்துக்குள் போய்ச் சேருகிறார்கள். இந்தக் கட்டுரையில் பொறியியல் வேலை என்று நான் சொல்வது இவர்கள் எல்லோருடைய வேலையையும் சேர்த்துத்தான்.

இங்கே பணம்தான் குறுக்கே வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் பிள்ளையைத் தனியார் நிறுவனத்தில் பொறியியல் படிக்க வைக்க நினைத்தால், காணியை ஈடு வைக்கலாம். கனடாவில் ஒரு மாமா இருப்பார். தோட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காணி உறுதி கிடையாது. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போன பிறகும் நிலம் அரசாங்கத்தினுடையதுதான். ஆறு தலைமுறையாக இருந்தாலும் காம்பரா தோட்டத்தினுடையது. வங்கிக்குக் காட்ட ஒன்றும் இல்லை. அப்போது அம்மாவின் ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதிக் காசு வெளியே வருகிறது, காதில் கிடந்தது அடகுக்குப் போகிறது, தீபாவளி முற்பணம் துணிமணிக்குப் பதிலாகக் கட்டணமாகிறது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர எத்தனை போராட்டம் வேண்டியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவும் முழுப்பேர், அதாவது முழு நாள் வேலை, போட்டால்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அந்தச் சம்பளத்தில் அம்மா அரை மாதம் மலையேறிச் சேர்ப்பது, மகனின் போர்டிங் அறை வாடகைக்கு மட்டும் போய்விடும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தம்பி, மின் பொறியியலில் டிப்ளோமா முடித்துவிட்டு வெள்ளவத்தையில் அறை தேடிப் போனதைச் சொன்னான். வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷி. தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினாராம்.

"தம்பி எந்த இடம்?"

"நோர்வூட், ஆன்ட்டி."

"அது நுவரெலியாப் பக்கமோ? டவுனோ, தோட்டமோ?"

அவன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். கூடப் படித்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஹட்டன் டவுன் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவனும் முன்பு சொன்னவன்தான்.

"தோட்டந்தான், ஆன்ட்டி. அம்மா கொழுந்து பறிக்கிறாங்க."

"அப்ப நீர் இஞ்சினியரோ?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு மூன்று மாத முற்பணத்தை இரண்டு மாதமாகக் குறைத்துக்கொண்டாராம். அந்த மௌனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கொழும்பு நீண்ட காலமாக மலையகத் தமிழரைக் கடைச் சிப்பந்தியாகவும் வீட்டு வேலைக்காரப் பிள்ளையாகவும்தான் பார்த்துப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்குள் ஒரு பொறியியலாளரை வைத்துப் பார்க்க அதற்கு அவகாசம் வேண்டும். அதற்காக அந்தத் தம்பி தன் தோட்டத்தின் பெயரை விழுங்க வேண்டியதில்லை. விழுங்காமல் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவனுடைய டிப்ளோமாவைவிடப் பெரியதாக மதிக்கிறேன்.

யுத்த காலத்தில் போனவர்களின் கதை வேறு. அப்போது அறை கிடைப்பதற்கு முன் பொலிஸ் பதிவு. அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவில் ஒரு மாதிரி. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை இரவோடிரவாக பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த ஒரு நாள் செய்தி தோட்டங்களில் எத்தனை தாய்மாரின் தூக்கத்தைக் கெடுத்தது என்பதை லயத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். வேலை கிடைத்திருந்தும் போகாமல் நின்றவர்கள் உண்டு. அவர்கள் இன்று நாற்பது வயதைத் தாண்டியிருப்பார்கள்.

முகவரிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. விண்ணப்பப் படிவத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும். தோட்டத்துப் பிள்ளை அதில் பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், நோர்வூட் என்று எழுதும். வீட்டு இலக்கம் கிடையாது, வீதி கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது ஒருவர் கையில் வர வேண்டும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த அழைப்புக் கடிதங்களைப் பற்றி மலையகத்தில் கேட்டால் ஒவ்வொரு பிரிவிலும் ஒருவராவது சொல்வார். இப்போது மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் இதைக் கொஞ்சம் சரிசெய்திருக்கின்றன. ஆனால் வங்கி, நீதிமன்றம், வீசா எதுவும் அந்தக் கட்டத்தை விட்டுவிடவில்லை.

இன்னொரு உண்மை எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுகிறது. தமிழகத்தில் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகும் பொறியியலாளருக்கு ஊர் என்று ஒன்று பின்னால் இருக்கிறது. வீடு பூட்டிக் கிடந்தாலும் அது அவர் வீடு. தோட்டத்துக் காம்பரா அப்படியல்ல. அது வேலையோடு கட்டப்பட்டது. அம்மா அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் எவரும் பேர் போடாத நிலை வரும்போது, அந்தக் காம்பராவில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காண்கிறது. மகன் எவ்வளவு முன்னேறுகிறானோ, வீடு அவ்வளவுக்கு நிச்சயமற்றதாகிறது. ஆகவே இவர்களுடைய இடப்பெயர்வை ஊர் விட்டு ஊர் போவதாக மட்டும் எண்ண முடியாது. வத்தளையிலோ மாபோலையிலோ ஐந்து பேர்ச் நிலத்துக்குக் கடன் கட்டும் மலையகப் பொறியியலாளர், பல குடும்பங்களில், அந்த வம்சத்தில் இலங்கை மண்ணில் சொந்தமாக உறுதி எழுதிய முதல் ஆள்.

2020இல் கொவிட் நோய்த்தொற்றுக்காக நாடு மூடப்பட்டபோது பலர் திரும்பி வந்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்புப் புகைக்கும் தம்பி தங்கையின் படிப்புக்கும் நடுவே மடிக்கணினியைத் திறந்தார்கள். சிக்னல் கிடைக்காது. தேயிலை மலைக்கு ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டு, கவ்வாத்து வெட்டிய செடிகளுக்கு நடுவே நின்று கூட்டங்களில் பேசினார்கள். சிரமம்தான். ஆனால் அந்த மாதங்களில் ஒன்று தெரிந்தது: வேலையை மலைக்குக் கொண்டுவர முடியும், அதற்குத் தேவை ஒரு மேசையும் ஒழுங்கான இணைப்பும்தான். நாடு திறந்ததும் எல்லோரும் இறங்கிப் போனார்கள். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்து, மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை போனபோது, கொழும்பின் கட்டட வேலைகள் அப்படியே நின்றன. கியூ.எஸ். படித்தவர்கள் கட்டாருக்கும் துபாய்க்கும் போனார்கள். நோர்வூட்டிலிருந்து கொழும்புக்குப் போவதாவது ஒரு பஸ் பயணம். அந்த இரண்டாவது புறப்பாட்டில் அம்மாவின் மரணத்துக்கும் வந்து சேர முடியாத தூரம் இருக்கிறது.

ஒரு பொறியியலாளர் கொழும்பில் இல்லாமல் போனால் கொழும்புக்கு இன்னொருவர் கிடைப்பார். மலைக்குத்தான் கிடைப்பதில்லை. இந்த நாட்டில் பொறியியல் அறிவு மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் எது என்று என்னைக் கேட்டால், ஒவ்வொரு தோட்டத்திலும் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு என்பேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதமாகவே கிடந்தது. அதைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் மறுபடியும் மக்கள் மேல் இறங்கின. வடிகான் எங்கே அடைத்திருக்கிறது, தடுப்புச் சுவரின் எந்தக் கல் வெளியே தள்ளியிருக்கிறது, மழை பெய்தால் எந்த ஊற்று புதிதாகப் பிறக்கிறது என்பதெல்லாம் அங்கே பிறந்தவருக்குத்தான் தெரியும். அதை மண் பொறியியல் மொழியில் எழுதத் தெரிந்த அதே ஆள் இப்போது கொழும்புத் துறைமுக நகரத்தில் ஒரு கோபுரத்துக்கு அத்திவாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி பேசினார். தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். மைதானம் கொள்ளாத கூட்டம். வீடு வருவது நல்லதுதான், ஏழு பேர்ச் காணியோடு வந்தால் இன்னும் நல்லது. இப்படியான திட்டங்களில் மண் பரிசோதனைக்கும் வரைபடத்துக்கும் மேற்பார்வைக்கும் மலையகத்தில் பிறந்த பொறியியலாளர்களையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களையும் முதலில் தேட வேண்டும் என்பது விதியாக எழுதப்பட வேண்டும். லக்சபான தொகுதி மின் நிலையங்களில் பயிலுநர்களை எடுக்கும்போதும் சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்க வேண்டும். இந்த மலையின் தண்ணீருக்கு ஈடாகக் கேட்கும் மிகச் சிறிய பங்கு அது. தோட்டக் கம்பனிகள் தங்கள் தொழிற்சாலைகளில் பொறியியல் பட்டதாரிக்கு உரிய பதவியும் சம்பளமும் வைத்தால், ரோலரின் அழுகையைக் கேட்டுச் சொன்ன தாத்தாவின் பேரன் அந்த ரோலரின் பொறுப்பதிகாரியாகத் திரும்பி வருவான். வர விருப்பமுள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசித்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த விதிகள் எல்லாம் வரும்வரை, கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் மலையகப் பொறியியலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ வீட்டுக்கு வரும்போது, உங்கள் லயத்தின் பின்பக்கம் போய் அந்த மண்மேட்டை ஒரு முறை பாருங்கள். உயரத்தையும் சரிவையும் அளவெடுங்கள். வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கிய ஊற்று எது கண்டாலும் படம் எடுத்து, உங்கள் பெயரையும் தகைமையையும் போட்டு, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்கி, தோட்டத்துத் தலைவரிடமும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.